எவர்சில்வர் டப்பாவுக்குள்ள ஒரு டிஸ்டார்ஷன் பெடல்

டிஸ்டார்ஷன் பெடலை, அதாவது கிட்டார் சத்தத்தைக் கரகரன்னு ஆக்குற, காலால மிதிச்சு ஆன் பண்ற பெட்டியை, வீட்லயே செய்ய முடியுமான்னு கேட்டா, தாராளமா முடியும், கிட்டார் சத்தத்தை உடைக்கிறதுக்கு ஒரு ஐசியும் (நிறைய டிரான்சிஸ்டரை உள்ள அடக்கின சிப்பு) ரெண்டு டயோடும் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற சாமான்) போதும், ஸ்கூல் பையன் கூட செஞ்சிரலாம். ஆனா அந்த உடைஞ்ச சத்தம் அறுபது எழுபதுகள்ல வந்த ராக் ரெக்கார்டுல கேக்குற சத்தமா இருக்கணும்னா, உடைக்கிறதுக்கு முன்னாடி அடி சத்தம், மேல் சத்தம்னு எதை வெட்டி விடுறோம், உடைச்சதுக்கு அப்புறம் எதை வெட்டி விடுறோம்ங்கிறதுலதான் பாதிக்கு மேல வேலை இருக்கு. வீடியோ போடுறவன்ல இருந்து கமெண்ட் போடுறவன் வரைக்கும் எந்த டயோடு நல்லது, எந்த வருசத்து ஐசி நல்லதுன்னுதான் அடிச்சுக்கிறானுங்க, இந்த வெட்டுற விஷயத்தை ரொம்பப் பேர் கண்டுக்கிறதே இல்ல. நான் ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல இருந்துகிட்டு, உப்புக் காத்துலயும் வெயில்லயும், கிடைச்ச சாமானை வச்சு செஞ்சு பாத்ததுல எனக்குப் புரிஞ்சது இது.

இந்த சத்தத்தோட பூர்வீகமே ஒரு கோளாறுதான். 1958ல லிங்க் ரேன்னு ஒரு கிட்டார்காரர் ஒரு பாட்டுக்காக ஆம்ப்ளிஃபயரோட ஸ்பீக்கர் பேப்பர்லயே ஓட்டை போட்டார். 1961ல வந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒண்ணுல, நாஷ்வில் ஸ்டுடியோ மிக்ஸர் பழுதாகி, பேஸ் கிட்டார் வாசிச்ச இடம் மட்டும் கரகரன்னு பதிவாயிருச்சு, நல்லாத்தான இருக்குன்னு அப்படியே விட்டுட்டாங்க. அந்த பழுதை வேணுங்கிறப்ப வர வைக்க டிரான்சிஸ்டர் போட்டு ஒரு பெட்டி செஞ்சாங்க, அதைத்தான் 1962ல மாஸ்ட்ரோ எஃப்இசட்-1னு கிப்சன் கம்பெனி கடைக்குக் கொண்டு வந்துச்சு. 1964ல கிங்க்ஸ் குரூப்புல டேவ் டேவிஸ் பிளேடை எடுத்து ஸ்பீக்கரைக் கீறி விட்டு வாசிச்சார். 1965ல ரோலிங் ஸ்டோன்ஸோட சாடிஸ்ஃபேக்‌ஷன் பாட்டுல கீத் ரிச்சர்ட்ஸ் அந்த மாஸ்ட்ரோ பெட்டியை மிதிச்சதும் அதுக்கப்புறம் உலகமே அந்தப் பெட்டிக்கு அலைஞ்சுச்சு. அதனால "ஒரிஜினல் டோன்"னு யாராவது பக்தியோட பேசினா எனக்கு சிரிப்புதான் வரும், ஒரிஜினலே ரிப்பேர் ஆன சாமான்ப்பா.

சாமானுக்கு நான் போறது கீழக்கரையில இருக்கிற ஒரு காக்கா (அங்க முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவாங்க) கடைக்கு. போர்டுல ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர்னு இருக்கும், ஆனா இப்ப அங்க வர்றதெல்லாம் மீன்பிடி போட்டுல இருந்து கழட்டிட்டு வந்த வயர்லெஸ் செட்டும், மீன் பாக்குற எக்கோ சவுண்டரும், கொஞ்சம் மிக்ஸியும்தான். மேல் தட்டுல மட்டும் துபாய், சவுதின்னு போயிட்டு வந்தவங்க கொண்டாந்த டூ இன் ஒன் செட்டுங்க, ரிப்பேருக்குக் குடுத்துட்டு திரும்பி வாங்கவே வராதது, தூசியோட வரிசையா உக்காந்திருக்கும். ஜெர்மானியம் டயோடு இருக்கா காக்கான்னு கேட்டதுக்கு, "எதுக்கு தம்பி, ரேடியோ கட்டப் போறியளா?"ன்னார். இல்ல, கிட்டார் சத்தம் கரகரன்னு வரணும்னு விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, "சத்தம் கெடக்கூடாதுன்னு நாங்க ஆயுசு பூரா இந்த கடைக்குள்ள மாரடிக்கிறோம், நீங்க கெடுக்குறதுக்குன்னே சாமான் கேட்டு வாறிய"ன்னார். அப்புறம் அவரே ஸ்டூல் போட்டு ஏறி ஒரு செட்டை இறக்குனார்.

பின்பக்க மூடியைக் கழட்டுனா, சதுரமா தகரக் கூடு போட்ட காயிலுங்க வரிசையா நிக்கும், அதுல கடைசி காயில் பக்கத்துல அரிசி நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ள முடி மாதிரி வளைஞ்ச ஒரு கம்பி, அதோட முனை ஒரு சின்ன கருப்புத் துண்டைத் தொட்டுகிட்டு நிக்குது. அதுதான் ஜெர்மானியம் டயோடு, அந்த செட்டுல இருந்தது 1என்60. காத்துல வர்ற மீடியம் வேவ்ல இருந்து குரலைப் பிரிச்சுக் குடுக்குறது அதோட வேலை. இந்தக் கரையில ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு இலங்கை வானொலி கேட்டுச்சே, டிரான்சிஸ்டர் செட்டுல கேட்டதெல்லாம் பெரும்பாலும் இந்த முடிக் கம்பி முனை வழியாத்தான் வந்திருக்கும். காக்கா அதைக் கழட்டும்போது டயோடோட காலை நோஸ் பிளேயரால அழுத்திப் பிடிச்சுகிட்டே ஈயத்தை உருக்குனார், சூடு பிளேயருக்குப் போகணும், டயோடுக்குள்ள ஏறிரக்கூடாது, ஜெர்மானியத்துக்கு சூடு ஆகாது.

அந்த ஒரு வரிதான் என் முதல் பெடலோட கதையும். முதல்ல கட்டினது ஃபஸ் ஃபேஸ். 1966ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி போட்டது, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதிச்ச வட்டப் பெட்டி, பேருக்கு ஏத்தபடி மூஞ்சி மாதிரியே இருக்கும். சர்க்யூட்டு ரொம்ப சின்னது, ரெண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கண்டன்சர், ரெண்டு கண்ட்ரோல், அவ்வளவுதான். பழைய செட்டுல இருந்து எடுத்த ஏசி128 டிரான்சிஸ்டர்ல கெயின் (பெருக்குற அளவு) கம்மியா இருக்கிறதை முன்னாடியும் கூட இருக்கிறதைப் பின்னாடியும் போட்டு, ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர்ங்கிற கால்ல பேட்டரியோட 9 வோல்ட்டுல பாதி, அதாவது 4.5 வோல்ட் கிட்ட நிக்கிற மாதிரி ரெசிஸ்டரை மாத்தி மாத்திப் பாத்து செட் பண்ணணும். ராத்திரி மொட்டை மாடியில காத்தாட உக்காந்து வாசிச்சா அருமையா இருக்கும், கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சா சத்தம் தானா தெளிஞ்சு வரும், அந்தக் குணம் வேற பெடலுக்கு அவ்வளவா வராது. பகல் வெயில்ல அதே பெடல், அதே கிட்டார், நோட்டு ஆரம்பிக்கும், பாதியில அறுந்துரும், புர் புர்ருன்னு ஒரு சத்தம்.

காரணம் சிம்பிள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்ல சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கரண்டு கசியும், சுமார் பத்து டிகிரி சூடு ஏறுனா அந்தக் கசிவு ரெண்டு மடங்காகும். கசிவு கூடக் கூட அந்த 4.5 வோல்ட் இடம் மாறிப் போயிரும். காக்காகிட்ட கொண்டு போய்க் காட்டினேன், அவர் எதுவும் பேசாம பக்கத்து மீன் கடையில இருந்து ஒரு துண்டு ஐஸ் வாங்கிட்டு வரச் சொன்னார், அதை பாலித்தீன் கவர்ல போட்டு முதல் டிரான்சிஸ்டர் தலையில வச்சார். நான் ஒரு நோட்டை அடிச்சுட்டுப் பாத்துகிட்டே இருக்கேன், மீட்டர் முள்ளு மெதுவா நகருது, அறுந்துகிட்டு இருந்த சத்தம் மறுபடி நீளுது. ஐஸை எடுத்துட்டு விரலால தொட்டார், திரும்பவும் புர்ரு. "இது குளிர் ஊரு சாமான் தம்பி, ராம்நாட்டு வெயிலுக்கு இது தாங்காது"ன்னு முடிச்சுட்டார். பிசி108 மாதிரி சிலிக்கான் போட்டா இந்தத் தொல்லை இல்ல, பிங்க் ஃப்ளாய்ட் டேவிட் கில்மோர் கூட பின்னாடி அந்த சிலிக்கான் ஃபஸ் ஃபேஸுக்குத்தான் மாறுனார், ஆனா எனக்கு அந்தக் குரல் கொஞ்சம் கூர்மையா காதைக் கிழிக்கிற மாதிரி பட்டுச்சு, அது அவங்கவங்க காதைப் பொறுத்தது.

அதனால அடுத்து 741. இது 1968ல ஃபேர்சைல்டு கம்பெனி கொண்டு வந்த ஐசி, நம்ம ஊரு பாலிடெக்னிக் லேப்ல எல்லாம் தட்டுத் தட்டா கிடக்கும். இதை வச்சு எழுபதுகள்ல எம்எக்ஸ்ஆர் கம்பெனி டிஸ்டார்ஷன் பிளஸ்னு ஒரு மஞ்சப் பெட்டி போட்டாங்க, ஆஸி ஆஸ்போர்ன் கூட வாசிச்ச ராண்டி ரோட்ஸ் பயன்படுத்தினது. ஐசி சத்தத்தைப் பெருக்கும், வெளிய வர்ற வழியில ரெண்டு ஜெர்மானியம் டயோடு எதிரெதிரா கிரவுண்டுக்குக் கட்டியிருக்கும், அலை 0.3 வோல்ட்டைத் தாண்ட முயற்சி பண்ணா டயோடு திறந்து மிச்சத்தை கிரவுண்டுக்கு இழுத்துரும், அலையோட தலை சீவின இளநீ கணக்கா ஆயிரும். ஜெர்மானியம் டயோடும் சூட்டுக்குக் கொஞ்சம் அசையத்தான் செய்யும், ஆனா டிரான்சிஸ்டர்ல ஆன மாதிரி பெடலே ஊமையாகாது, காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியல. சிலிக்கான் 1என்4148 போட்டா 0.6 வோல்ட் கிட்ட வெட்டும், சிவப்பு எல்இடி போட்டா 1.7 கிட்ட. எல்இடி போட்டதும் ஆகா என்னா டோன்னு தோணும், பாதி நேரம் அது வெறும் வால்யூம் கூடினதுதான். வால்யூமை சமமாக்கி வச்சுட்டு கேட்டுப் பாருங்க, வித்தியாசம் இருக்கும், ஆனா சண்டை போடுற அளவுக்கு இருக்காது.

இப்ப வெட்டுற விஷயத்துக்கு வரேன். இந்த சர்க்யூட்டுல கெயின் ஃபுல்லா வச்சா ஐசி சுமார் 200 மடங்கு பெருக்கும், ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓம்மால வகுத்தா வர்ற கணக்கு. அந்த 4.7 கிலோ ஓம் கூட 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒண்ணு வரிசையில நிக்கும். இது ரெண்டும் சேந்து 720 ஹெர்ட்ஸ்ல (நொடிக்கு 720 அதிர்வு) ஒரு வரப்பு போடுது, அதுக்குக் கீழ இருக்கிற சத்தத்துக்குப் பெருக்கல் குறைஞ்சுகிட்டே வரும். கிட்டாரோட தடிச்ச கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்த அடி சத்தத்தை முழுசா 200 மடங்கு பெருக்கி டயோடுல அடிச்சா, பெரிய அலை சின்ன அலையை எல்லாம் முழுங்கிரும், கொழகொழன்னு சேறாயிரும். அடியைக் குறைச்சுட்டு நடுவை மட்டும் உடைச்சா ஒவ்வொரு அடியும் தனியா, இறுக்கமா வரும். இதே 4.7 கிலோ ஓம், இதே 0.047, 1979ல வந்த ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர்லயும் இருக்குன்னு பாத்தப்ப நான் கொஞ்ச நேரம் அந்த சர்க்யூட்டையே முறைச்சுகிட்டு இருந்தேன். ரெண்டும் வேற கம்பெனி, ஐசி வேற, டயோடு நிக்கிற இடம் வேற, ஆனா வரப்பு ஒரே இடத்துல. ஒரு வித்தியாசம் உண்டு, டிஸ்டார்ஷன் பிளஸ்ல கெயின் கண்ட்ரோல் அந்த 4.7 கிலோ ஓம் கூடவே வரிசையில நிக்கிறதால, கெயினைக் குறைச்சா வரப்பும் கீழ இறங்கி அடி சத்தம் திரும்பி வந்துரும், டியூப் ஸ்கிரீமர்ல அது நகராது. எனக்கு நகர்றதுதான் பிடிச்சிருக்கு.

இன்னொரு வெட்டு, 741 தானாவே பண்ணுது. அது மந்தமான ஐசி, 200 மடங்கு பெருக்கச் சொன்னா 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல அதால ஓட முடியாது. அதே காலுக்கு டிஎல்071னு வேகமான ஐசி ஒண்ணு அப்படியே பொருந்தும், விலையும் ரொம்பக் கூட இல்ல, மாத்திப் பாத்தேன், உஸ்ஸுன்னு இரைச்சலும் மேல ஒரு கூச்சலும் சேந்து வந்துச்சு. திரும்ப 741ஐயே போட்டேன். நல்ல ஐசி வேற, இந்த வேலைக்கு நல்ல ஐசி வேற.

வீட்ல சின்ன கிட்டார் ஆம்ப்ல நல்லா இருந்த பெடல், கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டுல நேரா சொருகினதும் ஈக்கூட்டம் பறக்குற சத்தமாயிருச்சு, பாட்டுக்குழு அக்கா ஒருத்தங்க "தம்பி, வயர்ல லூஸ் காண்டாக்டா?"ன்னு அக்கறையா கேட்டாங்க. கிட்டார் ஆம்ப்ல இருக்கிற ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா ஒண்ணும் பேசாது, நாம ரெக்கார்டுல கேக்குற ராக் டோன் எல்லாமே அந்த ஸ்பீக்கர் வடிகட்டிக் குடுத்தது. மைக் செட்டுல ஹாரன், ட்வீட்டர்னு எல்லாம் இருக்கு, டயோடு வெட்டின ஓரத்துல இருக்கிற கூர் அத்தனையும் அப்படியே வெளிய கொட்டும். அதுக்கு பெடல் முடியுற இடத்துல 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 4.7 நானோஃபாரட் கண்டன்சரும் போட்டேன், 3.4 கிலோ ஹெர்ட்ஸ் கிட்ட இருந்து மேல சரிய ஆரம்பிக்கும், ஒரு அடுக்கு பத்தாது, அதே மாதிரி இன்னொண்ணும் பின்னாடி போட்டு, ஒரு டாகிள் ஸ்விட்ச் வச்சுட்டேன். மைக் செட்டுக்குப் போனா ஆன், ஆம்ப்புக்குப் போனா ஆஃப். சின்ன சமாச்சாரம், பெடலையே மாத்திருச்சு.

அதே மாதிரி கார்டும், அதாவது பல சுருதியை ஒண்ணா அடிக்கிறது. பாட்டுக்குழுவுல முழு கார்டு பிடிச்சே பழகினவங்க பெடலை மிதிச்சுட்டு அப்படியே மேஜர் கார்டு அடிச்சா நாராசமா இருக்கும், பெடல் மேல பழி வரும். டயோடு ரெண்டு சுருதியை ஒண்ணா வெட்டும்போது அதுங்களோட கூட்டல் கழித்தல் எல்லாம் புது சுருதியா முளைக்கும். 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் சேத்து அடிச்சா, அதாவது ஸ சுரமும் ப சுரமும், கழிச்சா 55, அது 110க்கு ஒரு ஸ்தாயி கீழ இருக்கிற அதே ஸ. அதனாலதான் இந்த ரெண்டு சுரம் மட்டும் இருக்கிற பவர் கார்டு அடிச்சா தரை அதிர்ற மாதிரி இருக்கு. நடுவுல க சுரத்தைச் சேத்தா கிட்டார் கட்டை வச்ச கணக்குல அது கொஞ்சம் தள்ளி நிக்கும், முளைக்கிற சுருதியில பலது ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ராக்காரங்க ரெண்டு விரல்ல வாசிக்கிறது சோம்பேறித்தனத்துல இல்ல.

ராத்திரியில வேற ஒரு கூத்து. கெயினை முழுசா ஏத்திட்டு வாசிக்காம சும்மா இருந்தா பெடல்ல யாரோ பேசுறாங்க. கடல் தாண்டி வர்ற மீடியம் வேவ் ஸ்டேஷன், சிங்களத்துல ஏதோ விளம்பரம். கிட்டார் வயர் ஏரியலா நின்னு பிடிக்குது, உள்ள எங்கயோ ஒரு ஜங்ஷன் ரேடியோ செட்டு வேலையைப் பாக்குது. காக்காகிட்ட சொன்னேன், ரொம்ப சந்தோசம் அவருக்கு, "நான் சொன்னேன்ல, ரேடியோதான் கட்டியிருக்கிய"ன்னார். நல்ல ஷீல்டு வயர் போட்டு, உள்ள நுழையுற இடத்துல 10 கிலோ ஓம்மும் கிரவுண்டுக்கு 220 பிக்கோஃபாரட்டும் வச்சதும் ஸ்டேஷன் போயிருச்சு, கிட்டார் சத்தத்துக்கு ஒண்ணும் ஆகல, ஏன்னா அந்த வெட்டு 70 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலதான் ஆரம்பிக்குது.

பெட்டிக்கு அலுமினியம் வார்ப்புப் பெட்டிதான் எல்லாரும் போடுவாங்க, நம்ம கரையில அது வெள்ளையா பூத்துப் போகும். வீட்டு வயரிங்குக்குப் போடுற ஜிஐ பெட்டி (துத்தநாகம் பூசின இரும்பு) சல்லிசு, ஆனா ஓட்டை போட்ட ஓரத்துல துரு பிடிச்சு அப்படியே பரவும். நான் எடுத்தது மூடி போட்ட கனமான எவர்சில்வர் டப்பா, பாத்திரக் கடையில சதுரமா ஒண்ணு தேடி வாங்கினது, அம்மா அதைப் பாத்துட்டு இதுல முறுக்கு போட்டு வைக்கலாமேன்னு இன்னமும் சொல்றாங்க. எவர்சில்வர்ல ஓட்டை போடுறது ஒரு பாடு. டிரில்லை வேகமா சுத்த விட்டா அந்த இடம் இறுகிப் போயிரும், அப்புறம் பிட்டு முனைதான் மழுங்கும். மெதுவா சுத்தணும், நல்லா அழுத்தணும், எண்ணெய் விட்டுகிட்டே இருக்கணும். சாதாரண ஈயம் அதுல ஒட்டவும் ஒட்டாது, அதனால கிரவுண்டை ஜாக்கோட இரும்பு உடம்பு வழியாவே டப்பாவுக்குக் கொண்டு போயிட்டேன். டப்பா கிரவுண்டோட சேந்ததும் டியூப் லைட்டு உர்ருன்னு போட்டுகிட்டு இருந்தது பெரும்பாலும் அடங்கிருச்சு.

உப்புக் காத்துக்கு முதல்ல பலியாகுறது போர்டு இல்ல, ஜாக்குக்கு உள்ள வளைஞ்சு நிக்கிற அந்த ஸ்பிரிங் நாக்கு. பச்சை படிஞ்சதும் சத்தம் விட்டு விட்டு வரும், பெடல் செத்துருச்சுன்னு நினைப்போம். பிளக்கை நாலு தடவை சொருகி எடுத்தா உயிர் வரும், காண்டாக்ட் கிளீனர் அடிச்சா இன்னும் கொஞ்ச நாள் ஓடும். போர்டுக்கு, காக்கா மீன்பிடி போட்டோட வயர்லெஸுக்கு அடிக்கிற அதே கிளியர் வார்னிஷ், அது இல்லாதவங்க கலர் இல்லாத நெயில் பாலிஷ் தடவலாம், ஐசி சாக்கெட்டு ஓட்டைக்குள்ள மட்டும் போயிரக்கூடாது. பத்த வைக்கிற ஈயம் 60க்கு 40 (வெள்ளீயம் 60, காரீயம் 40), சால்டரிங் அயன் 25 வாட் போதும்.

கரண்டுக்கு 9 வோல்ட் பேட்டரி போட்டா மாசக்கணக்குல ஓடும், 741 குடிக்கிறது ரெண்டு மில்லி ஆம்பியர் கூட இருக்காது, வாசிச்சு முடிச்சதும் வயரை உருவி வச்சாப் போதும். அடாப்டர் போடுறவங்க உள்ள வர்ற இடத்துல 100 ஓம்மும் 100 மைக்ரோஃபாரட்டும் போட்டுருங்க, மலிவு அடாப்டரோட கீச்சு சத்தம் அதுல நின்னுரும். மொத்தத்துல விலை கூடினது கால்ல மிதிக்கிற ஸ்விட்ச்தான், அதை ஆன்லைன்லதான் வர வைக்கணும், மத்த சாமான் எல்லாம் சேத்தாலும் அந்த ஒரு ஸ்விட்ச் விலை வராது. சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போறவங்க யாராவது கிடைச்சா சொல்லி விடுங்க, கிடைக்கும்.

இப்ப பாம்பன்ல பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பி ஒருத்தன் எனக்கும் ஒண்ணு வேணும்ணேன்னு நச்சரிக்கிறான். கிட்டாருக்குக் கட்டினதை அப்படியே குடுத்தா அவன் அடி சத்தம் பூரா காணாமப் போயிரும், பேஸோட தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ், வரப்பு 720ல நின்னா அவனுக்கு என்ன மிஞ்சும். அதனால 0.047 இருக்கிற இடத்துல 1 மைக்ரோஃபாரட் போட்டு வரப்பை 34 ஹெர்ட்ஸுக்கு இறக்கியாச்சு, டயோடு சிலிக்கான், கூடவே உடைக்காத சத்தத்தையும் கொஞ்சம் கலந்து விட தனியா ஒரு கண்ட்ரோல். போர்டு முடிஞ்சது, வார்னிஷும் காஞ்சாச்சு, டப்பா அவனே கொண்டாரேன்னான், அவங்க வீட்ல தர மாட்டேங்குறாங்களாம்.